காலின் டர்கிங்டன்: நான்கு பட்டங்கள், ஒரே அணி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்ப் பந்தயம் என்றாலே நம்மில் பலருக்கு ஃபார்முலா 1 மட்டும்தான் நினைவுக்கு வரும். நான் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. அவற்றில் பாதி ஒரே மனிதரைப் பற்றியவை. அதனால் அவரையே மையமாக வைத்து எல்லாவற்றுக்கும் ஓரிடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

காலின் டர்கிங்டன் யார்?

வட அயர்லாந்தின் ஆர்மா கவுண்டியில் போர்ட்டடவுன் என்று ஒரு ஊர். சுற்றிலும் ஆப்பிள் தோட்டங்கள். அந்த ஊர்க்காரர், 1982 மார்ச்சில் பிறந்தவர். பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை (இனி பிடிசிசி) 2009, 2014, 2018, 2019 என நான்கு முறை வென்றிருக்கிறார். 1958இல் தொடங்கிய இந்தத் தொடரில் இன்றுவரை நான்கு பட்டங்களைத் தொட்டவர்கள் மூன்றே பேர்: ஆண்டி ரவுஸ், டர்கிங்டன், ஆஷ் சட்டன்.

வட அயர்லாந்து சின்ன இடம்தான். ஆனால் மோட்டார் பந்தயம் அங்கே ஊறிப்போன விஷயம். மோட்டார் சைக்கிளில் ஜோயி டன்லப், ஃபார்முலா 1இல் ஜான் வாட்சன், எடி எர்வைன் எல்லாம் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். டர்கிங்டன் அந்த வரிசையில் வருபவர். அவர்கள் அளவுக்கு அவர் பெயர் வெளியே பரவாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

டூரிங் கார் பந்தயம் என்றால் என்ன?

வீட்டு வாசலில் நிற்கும் கார் மாதிரியே தோற்றம் உள்ள கார்கள் ஓடும் பந்தயம். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், ஹோண்டா சிவிக், வாக்ஸ்ஹால் அஸ்ட்ரா என்று சாலையில் பார்க்கிற அதே உருவம்தான். உள்ளே திறந்து பார்த்தால் கதை வேறு. இருக்கைகளை எல்லாம் எடுத்துவிட்டு இரும்புக் கூண்டு பொருத்தியிருப்பார்கள். 2 லிட்டர் டர்போ இன்ஜின், சுமார் 350 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் மாதிரியான முக்கிய பாகங்கள் எல்லா அணிகளுக்கும் பொது.

ஃபார்முலா 1இல் ஒரு கார் இன்னொன்றைத் தொட்டால் இறக்கை உடைந்து பந்தயமே போச்சு. இங்கே பம்பரோடு பம்பர் உரசிக்கொண்டுதான் வளைவில் திரும்புவார்கள். கதவில் டயர் கறை இல்லாமல் கார் திரும்பி வந்தால்தான் ஆச்சரியம்.

ஒரு சீசனில் பத்து வார இறுதிகள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று பந்தயங்கள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டர்கிங்டன் ஓட்டிய காலத்தில் முதல் பந்தயத்துக்குத் தகுதிச் சுற்றின்படி வரிசை, இரண்டாவதுக்கு முதல் பந்தய முடிவின்படி வரிசை. மூன்றாவதில்தான் வேடிக்கை. இரண்டாவதில் முன்னால் வந்தவர்களில் எத்தனை பேர் என்று குலுக்கல் போட்டு, அத்தனை பேரைத் தலைகீழாக நிறுத்துவார்கள். எட்டு என்று வந்தால் எட்டாவதாக முடித்தவர் முதலிடத்தில் நிற்பார், வென்றவர் எட்டாவது இடத்துக்குப் போவார். இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டர்கிங்டனின் திறமை எங்கே இருக்கிறது என்பது இதில்தான் புரியும்.

எப்படி ஆரம்பித்தார்?

சிறு வயதிலேயே ஸ்டீயரிங் பிடித்துவிட்டார். பிறகு ஃபோர்டு ஃபியஸ்டா கார்களுக்கான தொடரில் ஓட்டி, அங்கிருந்து 2002இல் பிடிசிசிக்கு வந்தார். அப்போது அவருக்கு 20 வயது.

முதல் அணியின் பெயர் ‘அட்டாமிக் கிட்டன்’ என்கிறார்களே, அது பாப் இசைக் குழு அல்லவா?

அதே குழுதான். அந்தக் காலத்தில் பிரிட்டனில் கொடிகட்டிப் பறந்த மூன்று பெண்கள் கொண்ட பாப் குழு. எம்ஜி இசட்எஸ் கார் ஒன்றுக்கு அவர்கள் பெயரிலேயே ‘டீம் அட்டாமிக் கிட்டன்’ என்று அணி அமைத்து விளம்பரம் செய்தார்கள். பெயரைக் கேட்டால் விளையாட்டாகத் தோன்றும். ஆனால் அந்த அணியை நடத்தியது வெஸ்ட் சரே ரேசிங். டர்கிங்டன் வாழ்க்கையின் மிகப் பெரிய உறவு அங்கேதான் தொடங்கியது. மறுவருடமே, 2003இல், முதல் வெற்றியும் வந்துவிட்டது.

வெஸ்ட் சரே ரேசிங்குக்கு அப்படி என்ன சிறப்பு?

சுருக்கமாக டபிள்யூஎஸ்ஆர் என்பார்கள். லண்டனுக்குத் தென்மேற்கே தேம்ஸ் கரையில் சன்பரி என்ற ஊரில் பட்டறை. நடத்துபவர் நியூசிலாந்துக்காரரான டிக் பென்னட்ஸ். 1981இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3இல் (ஃபார்முலா 1க்குப் போகும் வழியில் இளம் ஓட்டுநர்கள் ஓட்டும் தொடர்) தொடங்கினார். பின்னாளில் ஃபார்முலா 1 உலக சாம்பியனான அயர்ட்டன் சென்னா 1983இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 பட்டம் வென்றது இவர் தயார் செய்த காரில்தான். மிகா ஹக்கினென் 1990இலும், ரூபன்ஸ் பாரிக்கெல்லோ 1991இலும் வென்றதும் இவரிடம்தான். அந்தப் பட்டியலை ஒருமுறை நிறுத்திப் படித்துப் பாருங்கள். சென்னாவுக்குக் கார் கொடுத்த அதே மனிதர்தான் பல வருடங்கள் கழித்து போர்ட்டடவுன் பையனுக்கும் கொடுத்தார்.

டர்கிங்டனின் நான்கு பட்டங்களும் டபிள்யூஎஸ்ஆர் காரில் வந்தவை. இடையில் வேறு அணிகளுக்குப் போனார், நன்றாகவும் ஓட்டினார். ஆனால் பட்டம் என்று வந்தது எப்போதும் பென்னட்ஸிடம் திரும்பிய பிறகுதான். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கார் எப்படி நடந்துகொள்கிறது என்று ஓட்டுநர் சொல்வதைப் பொறியாளர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் புரிதல் ஒரே நாளில் வருவதில்லை. இவர்கள் இருவருக்கும் அது வருடக்கணக்கில் வளர்ந்தது.

அப்படியென்றால் 2005இல் ஏன் அணி மாறினார்?

வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் அதிகாரபூர்வ அணியில் இடம் கிடைத்தது. தொழிற்சாலை அணி என்றால் இளம் ஓட்டுநருக்கு அது கனவு. காருக்குப் பணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த வருட அஸ்ட்ரா எதிர்பார்த்தபடி அமையவில்லை. பட்டம் ஹோண்டா இன்டெக்ராவில் வந்த மேட் நீலுக்குப் போனது. அடுத்த வருடமே டர்கிங்டன் டபிள்யூஎஸ்ஆருக்கே, பழைய எம்ஜிக்கே திரும்பிவிட்டார். அதற்குள் எம்ஜி ரோவர் நிறுவனமே திவாலாகியிருந்தது. தயாரித்தவர்களே இல்லாத காரை அணி தன் முயற்சியில் ஓட வைத்துக்கொண்டிருந்தது.

2007இல் பிஎம்டபிள்யூ 320எஸ்ஐ வந்தது. அங்கிருந்து அவர் பாதை மாறியது.

2009 பட்டம் எப்படி வந்தது?

கடைசி நாள், கென்ட்டில் உள்ள பிராண்ட்ஸ் ஹேட்ச். மூன்று பேர் போட்டியில் இருந்தார்கள்: டர்கிங்டன், ஜேசன் பிளாட்டோ, வாக்ஸ்ஹாலின் ஃபாப்ரிசியோ ஜியோவனார்டி. அன்று பிளாட்டோ மூன்று பந்தயங்களையும் வென்றார். மூன்றையும்! ஒரே நாளில் அதற்கு மேல் ஒரு ஓட்டுநரால் எதுவும் செய்ய முடியாது. அப்படியும் பட்டம் டர்கிங்டனுக்கே, ஐந்து புள்ளி வித்தியாசத்தில். சீசன் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த புள்ளிகள் அன்று காப்பாற்றின.

சாம்பியன் ஆன அடுத்த வருடம் 2010இல் அவர் ஏன் பிடிசிசியில் ஓடவில்லை?

காசு. இந்த ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். ஆனால் இது விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

அணிக்கு வந்துகொண்டிருந்த ஆர்ஏசி நிறுவனத்தின் ஸ்பான்சர் பணம் 2009 முடிவோடு நின்றது. பிடிசிசியில் பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு யாரும் சம்பளம் கொடுத்து உட்கார வைப்பதில்லை. ஓட்டுநர் ஸ்பான்சரோடு வருவார். அந்தப் பணத்தில்தான் இன்ஜின் வாடகை, டயர், மெக்கானிக் சம்பளம், உடைந்த பம்பர் எல்லாம் நடக்கும். பணம் நின்றால் இருக்கை போகும். முந்தைய வருடம் நீங்கள் யாரைத் தோற்கடித்தீர்கள் என்று அந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை.

அதனால் நடப்பு சாம்பியன் தன் பட்டத்தைக் காக்க வரிசையில் நிற்கவே இல்லை. அந்த வருடப் பட்டத்தை ஷெவர்லே குரூஸில் பிளாட்டோ வென்றார். தோற்று இழந்திருந்தால் மனம் ஆறிவிடும். களத்துக்கே வர முடியாமல் இழப்பது வேறு வலி. நான் இந்த மனிதரின் ரசிகன் ஆனதற்கு அவருடைய வெற்றிகளை விட இந்த இடைவெளியும், அதன் பிறகு அவர் திரும்பி வந்த விதமும்தான் காரணம்.

அந்த வருடங்களில் எங்கே இருந்தார்?

சும்மா இருக்கவில்லை. 2010இல் டபிள்யூஎஸ்ஆர் அணியோடு உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் சில சுற்றுகள் மட்டும் ஓட்டினார். அதில் ஜப்பானின் ஒகயாமா தடத்தில் ஒரு பந்தயத்தை வென்றும் காட்டினார். முழு சீசனும் ஓடுகிற தொழிற்சாலை ஓட்டுநர்கள் நடுவே எப்போதாவது வந்து போகிற ஒருவர் வெல்வது சாதாரண விஷயம் இல்லை. அப்புறம் ஸ்காண்டிநேவிய டூரிங் கார் தொடரில் ஓட்டினார். 2013இல்தான் பிடிசிசிக்கு முழுமையாகத் திரும்பினார். அதே டபிள்யூஎஸ்ஆர், இந்த முறை பிஎம்டபிள்யூ 125ஐ எம் ஸ்போர்ட், ஈபே மோட்டார்ஸ் பெயரில்.

2014இல் வென்ற பிறகாவது நிம்மதியாக இருந்தாரா?

இல்லை. அந்த வருடம் கிட்டத்தட்ட சீசன் முழுக்க அவர் கைதான் ஓங்கியிருந்தது. முதல் பட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஐந்து வருடங்கள். ஆனால் 2015இல் மறுபடியும் அதே காரில் அவர் இல்லை. பிஎம்ஆர் அணிக்குப் போய் ஃபோக்ஸ்வாகன் சிசி ஓட்டினார். அங்கே அவருடைய சக ஓட்டுநர் யார் தெரியுமா? பழைய எதிரி பிளாட்டோ.

இரண்டு முறை பட்டம் வென்று, இரண்டு முறையும் வென்ற காரிலேயே அதைக் காக்க முடியாமல் போனது. பிடிசிசி வரலாற்றைப் படிக்கும்போது எண்களை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

சுபாரு லெவோர்க் என்ற ஸ்டேஷன் வேகன் ஓட்டினாராமே?

ஆமாம், 2016இல். பின்பக்கம் நீண்டு, சாமான் ஏற்றுகிற குடும்பக் கார் அது. பிஎம்ஆர் அணி அதைப் பந்தயக் காராக மாற்றியது. படுத்த நிலையில் இருக்கும் பாக்ஸர் இன்ஜின் என்பதால் எடை தரையோடு ஒட்டியிருக்கும். வளைவில் அது பெரிய லாபம். ஆரம்பத்தில் எரிபொருள் தொடர்பான கோளாறுகளால் தவித்தார்கள். அவை சரியானதும் அந்தக் கார் பறந்தது. புதுக் காரின் குழந்தைப் பருவ நோய்களை எல்லாம் சகித்து, கணிசமான வெற்றிகளை எடுத்துக்கொடுத்தார். அடுத்த வருடம் டபிள்யூஎஸ்ஆருக்குத் திரும்பினார். அவர் கட்டியெழுப்ப உதவிய அதே லெவோர்க்கில் 2017 பட்டத்தை ஆஷ் சட்டன் வென்றார். டர்கிங்டனுக்கு இரண்டாம் இடம்.

பிஎம்டபிள்யூ ரியர் வீல் டிரைவ் என்பதால்தான் ஜெயித்தார் என்கிறார்களே?

இது பழைய சண்டை. பாதி உண்மை.

பிடிசிசியில் நிறைய கார்கள் ஃபிரண்ட் வீல் டிரைவ். இன்ஜின் இழுப்பது, ஸ்டீயரிங் திருப்புவது இரண்டையும் முன் டயர்களே செய்ய வேண்டும். பிஎம்டபிள்யூவில் பின் டயர்கள் தள்ளும், முன் டயர்கள் திருப்பும். வேலை பிரிந்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் குரோஃப்ட் தடத்தின் ஏதாவது ஒரு தொடக்கத்தைப் பாருங்கள். வட யார்க்‌ஷயரில் பழைய ராணுவ விமானத்தளத்தின் மேல் அமைந்த தடம் அது. சிவப்பு விளக்கு அணையும். முன் வரிசையில் நிற்கும் சிவிக்கின் முன் சக்கரங்கள் ஒரு நொடி வெறுமனே சுழன்று புகை கக்கும். பிஎம்டபிள்யூ நகரும்போது எடை முழுக்கப் பின்னால் சாய்ந்து, மூக்கு லேசாகத் தூக்கும், பின் டயர்கள் தாரைக் கடித்துக்கொள்ளும். முதல் வளைவு வருவதற்குள் இரண்டு மூன்று கார்களைத் தாண்டியிருக்கும். சுற்றின் கடைசியில் ஒரு ஹேர்பின் வளைவு. அதில் கிட்டத்தட்ட நின்று திரும்பி மறுபடி வேகமெடுக்க வேண்டும். அங்கேயும் அதே கதை. குரோஃப்ட் டர்கிங்டனின் கோட்டை என்று பெயர் வாங்கியது இப்படித்தான்.

சரி, இது லாபம்தானே என்றால், லாபம்தான். ஆனால் வேகமான நேர்க்கோடுகளிலும் குளிர்ந்த டயரோடு தகுதிச் சுற்று ஓடும்போதும் முன்சக்கரக் கார்களுக்குச் சாதகம் உண்டு. போட்டி சமமாக இருக்க நிர்வாகம் அவ்வப்போது விதிகளைத் திருத்திக்கொண்டும் இருந்தது. இன்னொன்று, அதே அணியில் அதே பிஎம்டபிள்யூவை மற்றவர்களும் ஓட்டினார்கள். ராப் காலர்ட் மாதிரி அனுபவசாலிகள் உட்பட. பட்டம் எல்லோருக்கும் வரவில்லை. காரை மட்டும் காரணம் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வென்றவர் காரில் எடை ஏற்றுவார்களாமே?

உண்மைதான், 2021 வரை. ஒரு பந்தயத்தில் முன்னால் வந்தவரின் காருக்குள் அடுத்த பந்தயத்துக்கு ஈயக் கட்டிகளை வைத்துப் பூட்டுவார்கள். ஒரு காலத்தில் 75 கிலோ வரை. நல்ல ஆகிருதியான ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவது போல. பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், டயர் சீக்கிரம் தேயும். 2022இல் ஹைபிரிட் முறை வந்தபோது ஈயத்துக்குப் பதிலாக மின்சார உந்துதலைக் குறைத்து இந்தத் தண்டனையைக் கொடுத்தார்கள். 2025இல் ஹைபிரிட்டையே கைவிட்டார்கள்.

டர்கிங்டனின் அசல் கெட்டிக்காரத்தனம் இந்த இடத்தில்தான். அதிக எடையோடு வெல்வது கடினம் என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட பந்தயங்களில் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது என்று அடக்கமாக முடித்து, காரை முழுசாகக் கொண்டுவந்து சேர்ப்பார். முட்டி மோதி மூன்றாம் இடத்துக்குப் போராடிக் காரை உடைத்துக்கொள்கிறவர்களுக்கு நடுவே இது மந்தமாகத் தெரியும். அக்டோபரில் கணக்குப் பார்க்கும்போதுதான் விளங்கும்.

2018இல் ஒரே ஒரு பந்தயம் வென்று சாம்பியன் ஆனாரா? அது எப்படி சாத்தியம்?

முப்பது பந்தயங்களில் ஒரே வெற்றி. அந்த வருடம் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்ற நிலை. வெற்றிகள் அத்தனை பேருக்குள் சிதறிக் கிடந்தன. எல்லோருக்கும் ஒரு நல்ல நாளும் நாலு கெட்ட நாட்களும் இருந்தன. டர்கிங்டனுக்குக் கெட்ட நாட்கள் மிகக் குறைவு.

‘ஒரே ஒரு வெற்றி, இது ஒரு பட்டமா?’ என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடே இல்லை. விதிகளே வெற்றியாளரை இழுத்துப் பிடிக்கிற மாதிரி எழுதப்பட்ட தொடர் இது. அதற்குள் முப்பது முறை நிதானம் தவறாமல் இருப்பதும் ஒரு வேகம்தான்.

2019 கடைசி நாளில் என்ன நடந்தது?

பலரும் கேட்பது இதைத்தான். எனக்கும் சொல்லச் சலிக்காத நாள் இது.

அக்டோபர் 13, பிராண்ட்ஸ் ஹேட்ச் கிராண்ட்பிரீ தடம், ஈரமும் குளிரும் நிறைந்த இலையுதிர்கால ஞாயிறு. நமக்கு இரவாகிவிட்டிருந்தது. புதிய பிஎம்டபிள்யூ 330ஐ காரில் டர்கிங்டன் புள்ளிப் பட்டியலில் முன்னிலையோடு வந்தார். துரத்தி வந்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர்: ஹோண்டா சிவிக்கில் டான் கேமிஷ், பிஎம்டபிள்யூவிலேயே ஆண்ட்ரூ ஜோர்டன்.

இரண்டாவது பந்தயத்தில் கேமிஷின் சக ஓட்டுநரான மேட் நீலின் கார் தொட்டு, டர்கிங்டன் சுழன்று போனார். எழுந்து வந்தபோது 25ஆவது இடம். சேர்த்து வைத்திருந்த முன்னிலை கரைந்தது. அதைவிட மோசம், மூன்றாவது பந்தயத்துக்கு வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். இருபத்து நான்கு கார்கள் முன்னால்.

கடைசிப் பந்தயம் தொடங்கியது. மற்ற யாராக இருந்தாலும் முதல் வளைவிலேயே உள்ளே திணித்திருப்பார்கள். பின்வரிசை நெரிசலில் ஒரு தட்டு பட்டால் எல்லாம் முடிந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு இடைவெளி தானாகத் திறக்கும்வரை காத்திருந்து நுழைவார், தாண்டுவார், அடுத்தவர் பின்னால் போய் ஒட்டுவார். ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக முதல் பத்துக்குள் வந்துவிட்டார். ஆனாலும் கணக்குப்படி பட்டம் கேமிஷ் கையில் இருந்தது. அவர் நின்ற இடத்திலேயே முடித்தால் போதும்.

அந்தத் தடத்தின் பின்பகுதி காட்டுக்குள் போகும். நீண்ட சரிவில் இறங்கி, மறுபடி ஏறி, ஹாதார்ன் என்ற வேகமான வலது வளைவில் திரும்ப வேண்டும். உச்ச வேகத்தில் வந்து பிரேக்கை அழுத்துகிற இடம். முடிவுக்கோட்டுக்கு மிகச் சில நிமிடங்களே இருந்தபோது கேமிஷ் அங்கே பிரேக்கை மிதித்தார். பிரேக் வேலை செய்யவில்லை. சிவிக் திரும்பாமல் நேரே புல்வெளியைக் கடந்து தடுப்பில் போய் மோதியது. நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வர்ணனையாளர்களுக்கே கணக்கு புரியச் சில நொடிகள் ஆனது. டர்கிங்டன் சாம்பியன். வித்தியாசம் இரண்டு புள்ளி.

அதிர்ஷ்டம் என்றுதான் பலரும் எழுதினார்கள். கேமிஷுக்கு நேர்ந்தது கொடுமை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. இன்றும் அந்தக் காட்சியைப் பார்த்தால் அவருக்காக மனம் கனக்கிறது. ஆனால் அந்தப் பிரேக் போனபோது டர்கிங்டன் 25ஆவது இடத்திலேயே கிடந்திருந்தால் பட்டம் அவருக்கு வந்திருக்காது. மொத்த சீசனில் அவர் எடுத்தது 320 புள்ளிகள். ஆறாம் இடத்துக்கு 10 புள்ளி. முப்பது பந்தயத்திலும் ஆறாவது வந்தால் 300. அதாவது நான்காவது பட்டம் என்பது ஏறக்குறைய முப்பது ஆறாம் இடங்களும் இன்னும் கொஞ்சமும். இந்தக் கணக்கை அன்றிரவு ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் இவர் ஓட்டுகிற முறை எனக்கு முழுசாகப் பிடிபட்டது.

ஜேசன் பிளாட்டோவோடு ஒப்பிட்டால் யார் பெரியவர்?

பிளாட்டோ 97 வெற்றிகள், 2 பட்டங்கள். டர்கிங்டன் 60ஐத் தாண்டிய வெற்றிகள், 4 பட்டங்கள். பிளாட்டோ பேச்சு, சண்டை, சிரிப்பு, தொலைக்காட்சி என்று எல்லாவற்றிலும் இருந்தவர். கூட்டத்தைக் கூட்டி வந்தது அவரைப் போன்றவர்கள்தான், அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஒரே ஒரு பந்தயத்தை என் வீட்டை அடகு வைத்து வெல்ல வேண்டுமென்றால் பிளாட்டோவைக் கூப்பிடுவேன். ஒரு வருடத்தை வெல்ல வேண்டுமென்றால் டர்கிங்டனை.

ஆண்டி ரவுஸ்?

வேறு காலம். 1975, 1983, 1984, 1985 என நான்கு பட்டங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு கார்: டிரையம்ஃப் டோலமைட், ஆல்ஃபா ரோமியோ, ரோவர், ஃபோர்டு. தானே பொறியாளர், கார்களைத் தானே தயார் செய்தவர். அப்போது வெவ்வேறு இன்ஜின் வகுப்புகளுக்குத் தனித்தனியாகப் புள்ளிகள் இருந்தன. எனவே நேரடியாக ஒப்பிடுவது நியாயமாக இருக்காது.

ஐந்தாவது பட்டம் ஏன் கிடைக்கவில்லை?

ஆஷ் சட்டன் என்ற பெயர்தான் பெரும் காரணம். 2020இலும் 2021இலும் டர்கிங்டன் இறுதிவரை விரட்டினார். இன்ஃபினிட்டி கியூ50 காரில் சட்டன் இரண்டையும் எடுத்துப் போனார். அதுவும் ரியர் வீல் டிரைவ் கார் என்பதால் தொடக்கத்தில் பிஎம்டபிள்யூவுக்கு இருந்த தனிச் சலுகை போய்விட்டது. சட்டன் இளையவர், பின்னால் இருந்து கார்களைத் தாண்டி வருவதில் அசுரர். 2023இல் ஃபோர்டு ஃபோகஸில் அவரும் நான்காவதைத் தொட்டார். 2024இல் டபிள்யூஎஸ்ஆருக்குப் பட்டம் வந்தது. ஆனால் வென்றவர் டர்கிங்டனின் சக ஓட்டுநர் ஜேக் ஹில்.

2024க்குப் பிறகு?

2025 சீசன் தொடங்கியபோது வரிசையில் அவர் பெயர் இல்லை. நான்கு முறை சாம்பியன், ஆனால் இருக்கை இல்லை. 2010இல் நடந்ததை நேரில் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் வந்தது.

புதிதாகப் பார்ப்பவர் எந்தப் பந்தயத்திலிருந்து தொடங்கலாம்?

2019 பிராண்ட்ஸ் ஹேட்ச் கடைசிப் பந்தயம். முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, பரவாயில்லை. கேமரா பெரும்பாலும் முன்னால் ஓடுபவர்களைத்தான் காட்டும். நீங்கள் அந்த பிஎம்டபிள்யூவைத் தேடுங்கள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் திரையின் ஓரத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர் எத்தனை இடம் ஏறியிருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். பிறகு குரோஃப்டில் அவர் வென்ற ஏதாவது ஒன்றைப் போட்டு, விளக்கு அணைவதிலிருந்து முதல் வளைவு வரையிலான சில நொடிகளை இரண்டு முறை பாருங்கள். இரண்டாவது முறை அவருடைய பின் டயர்களை மட்டும்.